எழுபத்தொன்றாம் கட்டு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் பதிப்பகத்தின் மாடி அறையில் கூடியவர்கள் நான்கு பேர். ஆசிரியர் சன்னலுக்கு முதுகைக் காட்டி மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் அச்சகப் பொறுப்பாளர், நாற்காலியைப் பின்னால் சாய்த்துச் சுவரோடு முட்டுக்கொடுத்திருந்தார். இடப்பக்கம், பக்கங்களைக் கோத்துத் தருகிற கணினி அம்மா. கதவோரம், அட்டைப் பெட்டிகள் அடுக்கிய அலமாரியை ஒட்டி நான். ஐந்தாவது நாற்காலியில் ஆள் இல்லை. மெய்ப்புத் தாள்கள் கிடந்தன. அது சரிபார்ப்பவருடைய நாற்காலி. ரயிலில் நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கிறார். ஒன்பது ஆண்டுகளில் ஒரு தடவைகூட அதில் வந்து உட்கார்ந்ததில்லை.

நாங்கள் செய்துகொண்டிருப்பது ஓர் அகராதி. ஐரோப்பிய மொழி ஒன்றிலும் ஆசிய மொழி ஒன்றிலும் ரோமன் எழுத்தில் அச்சு அசலாக ஒரே மாதிரி எழுதப்படும் சொற்கள் மட்டும் அதில் வரும். பொருள் வேறாக இருக்க வேண்டும். பிறந்த இடமும் வேறாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் காற்றைக் குறிக்கிற அதே மூன்று எழுத்து, மலாயில் தண்ணீர். போர்த்துகீசியத்தில் பகல் என்கிற ‘தியா’, மலாயில் அவன் அல்லது அவள். எங்கேயாவது கொள்ளுத்தாத்தா வழியில் இரண்டுக்கும் உறவு இருக்கிறதென்று தெரிந்தால் அந்தச் சொல் தள்ளுபடி.

“உறவே இருக்கக் கூடாது, ஆனா முகம் மட்டும் ஒண்ணா இருக்கணும். நிஜத்துல அப்படி ரெண்டு பேரு இருந்தா போலீஸ்தான் வரும்” என்று அச்சகப் பொறுப்பாளர் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வருகிறார். ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். அன்றும் வாயைத் திறந்தார். ஆசிரியரின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ஆசிரியர் ஒரு தாளை மேசைமேல் தள்ளினார். “ஸ்பானியப் பக்கத்த மட்டும் வெளியாள் ஒருத்தர்கிட்ட பார்க்கக் குடுத்தேன். ரெண்டாம் நாளே போன். மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். ‘பாசார்’னா மலாய்ல சந்தை, சரி. ஸ்பானியத்துல என்ன போட்டிருக்கோம் தெரியுமா? ‘உட்கார்தல்’. அந்த மொழிய ஒரு மாசம் படிச்சவனுக்குத் தெரியும் அது கடந்து போறதுன்னு.”

“போறவன நிறுத்தி உட்கார வெச்சிருக்கோம். மரியாதைதானே சார்” என்றார் அச்சகப் பொறுப்பாளர்.

யாரும் சிரிக்கவில்லை. கணினி அம்மா, “நான் இருக்கறத அப்படியே அடிச்சேன். அட்டைல டிக் இருந்துது” என்றார் அவசரமாக.

“டிக் இருந்துது. அதான் பிரச்சினை” என்றார் ஆசிரியர். “இது எழுபத்தொண்ணாம் கட்டு அட்டை. நூத்தியெட்டுக் கட்டு இருக்கு. இத விட்டவங்க இன்னும் எத்தனைய விட்டாங்களோ? நேத்து போன் பண்ணிக் கேட்டேன். ஒரு சாக்கு சொல்லல நம்ம சரிபார்க்கற அம்மா. ‘டிக் என்னோடது, தப்பும் என்னோடதுதான்’னாங்க. வெச்சுட்டாங்க.”

முடிவு ஐந்து நிமிடத்தில் எடுக்கப்பட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவரைப் பிடித்து எல்லாக் கட்டையும் மறுபடி பார்க்கச் சொல்வது. தலைப்புப் பக்கத்திலிருந்து சரிபார்ப்பவர் பெயரை எடுத்துவிடுவது. இதுவரை செய்த உதவிக்கு நன்றி சொல்லி அவருக்கு ஒரு கடிதம் அனுப்புவது.

“லெட்டர நீங்க எழுதிடுங்க” என்று ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். “உங்க கை பக்குவமா இருக்கும். மனசு நோகாம எழுதணும்.”

நான் “சரிங்க” என்றேன். அந்தக் கூட்டத்தில் நான் பேசிய ஒரே சொல் அதுதான்.

அந்தத் தவறு அவருடையது அல்ல. தெரிந்தே நான் எழுதியது. எப்படி என்று வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

எங்கள் வேலைமுறை இது. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. இடப்பாதியில் ஆசிய மொழிப் பொருள், வலப்பாதியில் ஐரோப்பிய மொழிப் பொருள், கீழே இரண்டும் பிறந்த கதை. இரண்டு பாதியையும் நானே எழுதி, பதினைந்து பதினைந்தாக நூலால் கட்டி, மாதம் ஒரு கட்டு அவருக்கு அனுப்புவேன். அவர் முன்பு ஒரு துறைமுகத்தில் கப்பல்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஐரோப்பிய மொழிகள் ஐந்து தெரியும். அட்டை சரியாக இருந்தால் மூலையில் நீலப் பென்சிலால் ஒரு டிக், அவ்வளவுதான். தவறாக இருந்தால் கோடு போட்டு, ஏன் தவறு என்று தனித்தாளில் எனக்கு எழுத வேண்டும். ஆசிரியர் முதல் நாளே போட்ட சட்டம் அது: “காரணம் எழுதாம யாரும் கோடு போடக் கூடாது.” ஆக, சரியான அட்டைக்கு ஒரு டிக். தவறான அட்டைக்கு ஒரு கடிதம்.

முதல் எட்டுக் கட்டுகளும் டிக்குகளோடு திரும்பின. ஒன்பதாம் கட்டில் நான் உண்மையாகவே தவறினேன். ‘துவா’ என்றால் மலாயில் வயதான என்று பொருள். இத்தாலியத்தில் உன்னுடைய என்று பொருள். நான் என்னுடைய என்று எழுதிவிட்டேன். இரண்டு பக்கக் கடிதம் வந்தது. ‘அட்டைக்காரரே’ என்று தொடங்கியிருந்தார். அதற்கு முன் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ‘என்னுடையதையும் உன்னுடையதையும் மாற்றிப் போட்டால் துறைமுகத்தில் கத்திக்குத்தே நடக்கும், நான் பார்த்திருக்கிறேன்’ என்று எழுதி, அப்படி நடந்த ஒரு சண்டையை முழுதாகச் சொல்லியிருந்தார். கடைசியில் காரணத்தோடு சம்பந்தமில்லாத மூன்று வரிகள். எதிர்வீட்டில் பியானோ ஏற்றுகிறார்கள், மாடிப்படி வளைவில் மாட்டிக்கொண்டிருக்கிறது, தூக்குகிறவர்கள் அதன்மேல் சாய்ந்து பீடி பிடிக்கிறார்கள்.

அந்தப் பியானோ உள்ளே போனதா இல்லையா என்று ஒரு மாதம் யோசித்தேன். எனக்கு ஓர் அறை. கட்டில், அடுப்பு, ஒரு மேசை, கூட ஒரு நாற்காலி. ஆபீஸிலிருந்து ஆறு மணிக்கு வந்து கதவைச் சாத்தினால், அக்கா போன் செய்கிற செவ்வாய்க்கிழமை தவிர, மறுநாள் எட்டரைக்குத்தான் என் குரலை நானே கேட்பேன். பத்தாம் கட்டு டிக்குகளோடு வந்தது. பதினொன்றும் வந்தது, பன்னிரண்டும் வந்தது. பதினைந்து நீல டிக்குகளைத் தவிர ஒரு கீறல் இல்லை. பதிமூன்றாம் கட்டில், மலாயில் சர்க்கரையைக் குறிக்கிற ‘குலா’ என்ற சொல்லுக்கு எதிரே, ஸ்பானியத்தில் பெருந்தீனி என்று தெரிந்துகொண்டே பசி என்று எழுதினேன்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. ‘பசிக்கும் பெருந்தீனிக்கும் வித்தியாசம் தெரியவில்லையா? அட்டைக்காரரே, நீங்கள் வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்று நினைக்கிறேன்.’ அடுப்பில் பாலை வைத்துவிட்டு இதை எழுதுகிறார், பொங்கிவிட்டது, வீடு முழுக்கத் தீய்ந்த வாடை. பியானோவைக் கழற்றித்தான் ஏற்றினார்களாம்.

அதற்குப் பிறகு கட்டுக்கு ஒரு தவறு வைத்தேன். எளிதான தவறாகவே வைப்பேன், அவர் கண்ணுக்குத் தப்பக் கூடாதென்று. எந்தக் கட்டில், எந்த அட்டையில், என்ன தவறு, பதில் வந்த தேதி என்ன என்று ஒரு நோட்டில் நான்கு பத்தியாகக் கோடு போட்டு எழுதி வந்தேன். அவர் தவறவிட்டால் நான் திருத்த வேண்டுமே, அதற்காகத்தான் இந்த நோட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்த நோட்டில் தொண்ணூற்றாறு வரிகள் இருக்கின்றன. கடிதங்கள் தொண்ணூற்றைந்து.

விடுபட்டது எழுபத்தொன்று. அதற்கு முந்தைய கடிதத்தில் வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள், எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தார். அது எனக்குக் கிடைக்கும்போது எழுபத்தொன்றாம் கட்டு தயாராக இருந்தது. நூல் கட்டியாகிவிட்டது; ‘பாசார்’ உள்ளே உட்கார்ந்திருந்தது. மனம் கேட்காமல் மேலே ஒரு துண்டுத்தாள் செருகினேன்: ‘கண்ணை வருத்த வேண்டாம். இந்தக் கட்டு முழுவதையும் நானே இரண்டு முறை பார்த்துவிட்டேன். டிக் மட்டும் போட்டு அனுப்புங்கள்.’ அக்கறையோடுதான் எழுதினேன். கட்டை மட்டும் அவிழ்க்கவில்லை. உள்ளே நான் வைத்தது அந்த நிமிடம் என் நினைவிலேயே இல்லை.

சொன்னபடி பதினைந்து டிக் போட்டு அனுப்பினார். டிக்குகள் கோணலாக, சிலது அட்டைக்கு வெளியே ஓடியிருந்தன. அப்போதுதான் ‘பாசார்’ ஞாபகம் வந்தது. ஆனால் டிக் விழுந்த அட்டையைத் திருப்பி எடுக்க வேண்டுமென்றால் ஆசிரியரிடம் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன காரணம் எழுதுவது? நாளைக்குப் பார்க்கலாம் என்று பெட்டியில் வைத்தேன். அப்படியே மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன.

இப்போது ஆசிரியர் போனில் கேட்டபோது, ‘அட்டைக்காரர்தான் இரண்டு முறை பார்த்ததாக எழுதினார்’ என்று அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று மாலை நன்றிக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். ‘தங்களின் நீண்டகால ஒத்துழைப்பை’ என்பது வரை வந்தது. ஏழு மணிக்கு அக்கா போன் செய்தாள். வாரத்தில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, தவற மாட்டாள்.

“என்னடா, குரல் கிணத்துக்குள்ளேர்ந்து வருது?”

“ஒண்ணுமில்லக்கா. ஆபீஸ் லெட்டர் ஒண்ணு எழுதிட்டிருக்கேன்.”

“ஆபீஸ் லெட்டருக்கா இப்படி மூச்சு வாங்குது? யாருக்கு?”

சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாததைப் பதிமூன்றாம் கட்டிலிருந்து வரிசையாகச் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“தொண்ணூத்தாறா?”

“ம்.”

“ஏன்டா, ‘எப்படி இருக்கீங்க’ன்னு ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தா அந்தம்மா பதில் போட்டிருக்க மாட்டாங்களா?”

“என்ன காரணம் சொல்லிக் கேட்கறது?”

“நல்லா இருக்கு! எப்படி இருக்கீங்கன்னு கேட்க இவருக்குக் காரணம் வேற வேணுமாம். சின்ன வயசுல பக்கத்து வீட்டுல தண்ணி கேட்க அனுப்பினா, எழுதிக் குடு எடுத்துட்டுப் போறேன்னு நின்ன ஆள்தானே நீ. சரி, இப்ப அந்தம்மா பேரு போகுதா?”

“போகுது.”

“நீ வெச்ச தப்புக்கு.”

“சொன்னா எனக்கு வேலை போகும்க்கா.”

“அதுக்கா பயப்படற? என்கிட்டயே புளுகாத.”

அவளிடம் மறைக்க முடியாது. “உண்மை தெரிஞ்சா அவங்க எனக்கு எழுத மாட்டாங்க” என்றேன்.

“எழுத மாட்டாங்கதான். நானா இருந்தா எழுத மாட்டேன்.” அடுப்பில் எதையோ இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. “இந்த நன்றி லெட்டர் போனா மட்டும் எழுதுவாங்களா? ரெண்டு வழியிலயும் உனக்கு ஒண்ணும் வரப்போறதில்லடா தம்பி. அவங்களுக்காவது பேரு மிஞ்சட்டும். வெச்சுடறேன், சாப்பிட்டுப் படு.”

மறுநாள் ஆசிரியர் வருமுன்பே அவர் அறை வாசலில் நின்றேன். அவர் வந்து உட்கார்ந்ததும் நோட்டை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். நோட்டைப் புரட்டினார். பக்கத்துத் தடுப்பிலிருந்து கணினி அம்மா எழுந்து நின்று பார்ப்பது தெரிந்தது.

“இதெல்லாம் நீங்களே வேணும்னு எழுதினதா?”

“ஆமாங்க.”

“கோடெல்லாம் போட்டு, தேதியெல்லாம் போட்டு?”

“ஆமாங்க.”

“தப்பு பண்றதுக்கு ஒரு ரிஜிஸ்தர் வெச்ச ஆள இப்பத்தான்யா பார்க்கறேன்!” குரல் மாடிப்படி வரை கேட்டிருக்கும். “ஒன்பது வருஷ உழைப்பு! ஒரு புத்தகத்தோட மானம்! உங்களுக்குப் பேச்சுத்துணை வேணும்னா கிளி வளர்க்க வேண்டியதுதானே?”

நான் நின்றுகொண்டிருந்தேன். கணினி அம்மா தடுப்புக்கு மேலிருந்தே, “சார், ஒரு நிமிஷம்” என்றார். “அவரு எழுபத்தொண்ணுல துண்டுத்தாள் வெச்சாரு, அந்தம்மா பார்க்கவே இல்ல. தப்பு வெச்சதுல அவங்க பார்த்த கட்டு தொண்ணூத்தஞ்சு. தொண்ணூத்தஞ்சுலயும் பிடிச்சிருக்காங்க.”

ஆசிரியர் நோட்டின் கடைசிப் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே போனார். பக்கம் பக்கமாக. இருபது நிமிடம் ஆகியிருக்கும். “இப்படி ஒரு பரீட்சை எந்தப் பல்கலைக்கழகமும் வெச்சிருக்காது” என்று முனகினார். பிறகு நோட்டை மூடினார்.

“அவங்க பேரு இருக்கும். முதல்ல இருக்கும். உங்க பேர எடுக்கறேன். மறுபார்வை தேவையில்ல, ‘பாசார்’ ஒண்ணத் திருத்திட்டு அச்சுக்குப் போகலாம். அட்டையெல்லாம் கணினி அம்மாகிட்ட ஒப்படைச்சுட்டு மாசக் கடைசியில நீங்க கெளம்பலாம்.” நான் திரும்பினேன். “நில்லுங்க. அவங்களுக்கு நான் எழுத மாட்டேன். நீங்கதான் எழுதணும்.”

எழுதினேன். மதியம் தொடங்கி, அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே எழுதினேன். எனக்குக் கடிதம் எழுத வரிசை வேண்டும், வரிசை இருந்தது. எழுபத்தொன்றாம் கட்டில் நடந்தது முதலில். அது அவருடைய தவறல்ல என்பதும், பெயர் தலைப்புப் பக்கத்தில் இருக்கும் என்பதும், ஆசிரியருக்கு எல்லாம் தெரியும் என்பதும் அடுத்து. அதற்கப்புறம் மற்ற தொண்ணூற்றைந்து. ‘நீங்கள் எனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும், முதல் ஒன்றைத் தவிர, நான் ஏமாற்றித்தான் வாங்கினேன். பசிக்கும் பெருந்தீனிக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். நீங்கள் பொறுமையாக விளக்கிய ஒவ்வொன்றும் எனக்கு முன்பே தெரியும். விளக்கத்துக்குக் கீழே நீங்கள் எழுதிய வரிகள் மட்டும்தான் எனக்குத் தெரியாதவை. அதற்காகத்தான் செய்தேன். ஆசிரியர் கேட்டபோது நீங்கள் என் துண்டுத்தாளைக் காட்டிக்கொடுக்காததற்கு நன்றி சொல்லும் தகுதிகூட எனக்கு இல்லை.’

கடைசியில், ‘உங்கள் வலது கண் இப்போது எப்படி இருக்கிறது?’ என்று ஒரு வரி எழுதினேன். நல்ல வரியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் கட்டுக்குள் வைக்கிற அட்டைதான் என்று பட்டது. கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்வார், அப்படிப்பட்ட மனுஷி. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, அந்த வரி இல்லாமல் மறுபடி எழுதினேன். ‘தாங்கள் இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை’ என்று முடித்துக் கையெழுத்திட்டேன்.

நோட்டிலிருந்த பக்கங்களைப் படியெடுத்து உள்ளே வைத்ததில் உறை தடித்துவிட்டது. பசை சரியாகப் பிடிக்கவில்லை. விளிம்பில் கட்டை விரலை வைத்து நூறு எண்ணும் வரை அழுத்திக்கொண்டிருந்தேன். முகவரியை மனப்பாடமாக எழுதினேன். அனுப்புநர் முகவரியில் பதிப்பகத்தை எழுதாமல் என் அறை எண்ணை எழுதினேன்.

தபால் நிலையம் மூட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஜன்னலுக்குப் பின்னாலிருந்த அம்மாள் உறையைத் தராசில் வைத்துப் பார்த்து, தபால்தலைகளை ஒட்டி, முத்திரையைத் தூக்கினாள்.

“கையெழுத்து வாங்கி உங்களுக்குத் திருப்பி அனுப்பற அட்டை ஒண்ணு இருக்கு, போய்ச் சேர்ந்துதுன்னு தெரியும். கூட வெக்கட்டுமா?”

“வேணாங்க.”

“முக்கியமான லெட்டர் மாதிரி இருக்கே, அதான் கேட்டேன்.”

“போனா போதும்.”

முத்திரை இரண்டு தடவை விழுந்தது. உறையை எடுத்துத் தனக்குப் பின்னாலிருந்த பையில் போட்டாள். பை ஏறக்குறைய நிறைந்திருந்ததால் அது மேலேயே நின்றது, முகவரி தெரிய. அவள் கையால் ஓர் அமுக்கு அமுக்கிப் பையின் வாயைக் கயிற்றால் இறுக்கினாள்.